கோப்புகள் திறக்கவில்லை, குரோமும் மாறிவிட்டது: ஃபார்மட் செய்வதற்கு முன் என்ன செய்யலாம்?

செம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் உள்ள எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு டெஸ்க்டாப் கணினி இருக்கிறது. அதில் விண்டோஸ் 10 இயங்குகிறது. சில நாட்களாகவே குரோமில் எதைத் தேடினாலும் கூகுளுக்குப் பதிலாக முன்பின் தெரியாத ஒரு தேடல் பக்கம் வந்து, அங்கிருந்து விளம்பரங்களுக்கு இழுத்துச் செல்கிறது. அமைப்புகளில் போய் மாற்றினால், கணினியை மறுபடி இயக்கும்போது பழையபடியே ஆகிவிடுகிறது. ஊரிலிருந்து வந்திருந்த கணவரின் அண்ணன் மகன், பணம் கட்டி வாங்க வேண்டிய ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருளின் கிராக் பதிப்பை இறக்கி நிறுவியிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

நேற்று முன்தினம் இரவு விண்டோஸ் அப்டேட் நடப்பது போல ஒரு சிறிய சாளரம் வெகுநேரம் திரையில் இருந்தது. காலையில் பார்த்தால் படங்கள், எக்செல் தாள்கள், வீடியோக்கள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் பொருளற்ற நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்ற பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது. 980 டாலர் கேட்கிறார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் 490 டாலராம். மிச்சமிருந்த சில கோப்புகளையாவது காப்பாற்றலாம் என்று பென் டிரைவைச் செருகினோம். சற்று நேரத்தில் அதிலிருந்த கோப்புகளும் அதே கதிக்கு ஆளாயின.

கணவர் அச்சகங்களுக்குக் காகிதம் விற்பவர். அவருடைய பில்கள் முழுவதும் இதில்தான் உள்ளன. மகளின் அரங்கேற்ற வீடியோவும் இதில்தான் இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர், “ஃபார்மட் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார். செய்து விடலாமா? பணத்தைக் கொடுத்தால் கோப்புகள் திரும்பக் கிடைக்குமா?

நெரூல்_நெட்வொர்க் எழுதியது:

அம்மா, இப்போதைக்கு ஃபார்மட் செய்ய வேண்டாம். ஃபார்மட் செய்தால் கணினி சரியாகும், கோப்புகள் சரியாகா. வைரஸை நீக்குவது ஒரு வேலை, கோப்புகளை மீட்பது முற்றிலும் வேறொரு வேலை. முதலாவதை அவசரப்பட்டு முடித்தால் இரண்டாவதற்குத் தேவையான தடயங்களும் சேர்ந்து அழிந்துபோகும். கடைக்காரருக்கு முதல் வேலைக்குத்தான் கூலி என்பதால் அவர் அதை மட்டுமே பேசுகிறார்.

உடனே இணைய கேபிளைப் பிடுங்குங்கள், அல்லது வைஃபையைத் துண்டியுங்கள். வேறு எந்த பென் டிரைவையும், போனையும், வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கையும் அதில் செருகாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அனைத்தும், அதாவது போலி அப்டேட் சாளரம், நான்கெழுத்து ஒட்டு, 980 மற்றும் 490 டாலர் கணக்கு, கிராக் மென்பொருள் வழியாக நுழைந்தது ஆகிய யாவும், ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவு’ என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) குடும்பத்துடன் பொருந்துகின்றன. பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு வீட்டுக் கணினிகளையே குறிவைக்கும் ரகம் இது. குறித்த நேரத்தில் பணிகளை இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ‘டைம் டிரிகர் டாஸ்க்’ என்ற பெயரில் ஒரு பணியைப் பதிந்துவைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே மறுபடி ஓட்டிக்கொள்ளும். உங்கள் பென் டிரைவ் பலியானதற்குக் காரணம் அதுவே.

இனி மீட்பைப் பற்றி. அந்தக் குறிப்பின் கடைசி வரியில் ‘பெர்சனல் ஐடி’ என்று நீளமான ஒரு எழுத்துக்கோவை இருக்கும். அது ஆங்கிலச் சிற்றெழுத்து ‘t’யும் எண் 1-உமாக முடிகிறதா என்று பாருங்கள். அப்படி முடிந்தால், வைரஸால் கும்பலின் இணையக் கணினியான சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல், தன்னுள்ளேயே வைத்திருந்த பொதுவான சாவியைக் கொண்டு பூட்டியிருக்கிறது என்று பொருள். அந்த வகைச் சாவி எப்போதாவது வெளிவந்தால், எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட இலவசக் கருவியில் அது சேர்க்கப்படும். அதன்பின் அதே வகையால் அப்படிப் பூட்டப்பட்ட எல்லோருடைய கோப்புகளையும் அதைக் கொண்டு திறக்கலாம். வேறு விதமாக முடிந்தால், உங்கள் கணினிக்கென்றே தனியாக உருவாக்கப்பட்ட சாவி சர்வரில் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க இன்றைய நிலையில் வழியில்லை. குறிப்பில் இருப்பதை மட்டும் நம்பிவிடாமல், சி டிரைவில் ‘சிஸ்டம்ஐடி’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் சிறிய டெக்ஸ்ட் கோப்பையும் திறந்து பாருங்கள். இடையில் இணையம் போய் வந்திருந்தால் அதில் இரண்டு ஐடிகள் இருக்கக்கூடும். அப்படியானால் கோப்புகளில் ஒரு பகுதிக்காவது பிற்காலத்தில் வழி பிறக்கலாம்.

முதலில் இதைப் பார்த்துச் சொல்லுங்கள். குறிப்பையும் பூட்டப்பட்ட ஒரு சிறிய கோப்பையும் ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் ஏற்றி உறுதிசெய்துகொள்வதும் நல்லது. நெதர்லாந்து காவல்துறை, யூரோபோல் ஆகியவற்றுடன் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய தளம் அது. கட்டணம் எதுவும் கிடையாது.

மாட்டுங்கா_வாசகர் எழுதியது:

ரான்சம்வேரைப் பற்றி நெரூல் நண்பர் விளக்கிவிட்டார். பிரவுசர் தொல்லையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் எங்கள் குடியிருப்பில் வாரம் ஒருவராவது இதற்காகக் கதவைத் தட்டுகிறார்கள்.

அமைப்புகளில் மாற்றியும் பழையபடி ஆகிறது என்றால், மாற்றி வைக்கும் ஆள் வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறான் என்று பொருள். குரோமின் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து, அதன் அடியில் ‘இந்த பிரவுசரை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். அலுவலகக் கணினியில் அது இயல்பு; வீட்டுக் கணினியில், பாதுகாப்பு மென்பொருள் எதுவும் அதற்குக் காரணமாக இல்லாத பட்சத்தில், ஹைஜாக்கர் (பிரவுசரைக் கைப்பற்றும் நிரல்) விண்டோஸின் அமைப்புகள் பதியப்படும் ரிஜிஸ்ட்ரியில் குரோமுக்கான ‘பாலிசி’களை, அதாவது கட்டாய விதிகளை, எழுதிவைத்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அந்தப் பாலிசி இருக்கும் வரை, எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கப்படும் துணை நிரல்) பக்கத்தில் ‘நீக்கு’ பொத்தானே வராது. மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் என்ற இலவசக் கருவியில் குரோம் பாலிசிகளை அழிப்பதற்குத் தனித் தேர்வு உண்டு; அதை இயக்கி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, பிறகு எக்ஸ்டென்ஷனை நீக்கி, அதன் பின்னரே தேடுபொறியை மாற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் உழைப்பு வீண்.

இன்னும் இரண்டு இடங்களில் அது ஒளிந்திருக்கும். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள்; ‘டார்கெட்’ என்ற கட்டத்தில் குரோம் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஓர் இணைய முகவரி தொங்கினால் அதை அழித்துவிடுங்கள். மற்றொன்று, சாதனங்களிடையே பிரவுசர் அமைப்புகளை ஒன்றாக்கும், கூகுள் கணக்கின் சிங்க் வசதி: இங்கே நீக்கிய எக்ஸ்டென்ஷன் மகளின் லேப்டாப்பிலிருந்து மறுபடி இறங்கி வந்துவிடும் என்பதால், முதலில் சிங்க்கை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். வீட்டிலுள்ள போன்களிலும் தேடல் இப்படியே திசைமாறினால், குற்றவாளி ரவுட்டரின் டிஎன்எஸ் (தளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றும்) அமைப்பாக இருக்கலாம். அது வேறு கதை.

இதைச் செய்துவிட்டு, விண்டோஸுடனேயே வரும் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனையும் ஓட்டினால் போதும். புதிதாக விண்டோஸ் நிறுவும் அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நெரூல்_நெட்வொர்க் எழுதியது:

ஹைஜாக்கர் மட்டும் வந்திருந்தால் மாட்டுங்கா நண்பர் சொன்னதோடு நானும் நிறுத்திக்கொள்வேன். அவர் சொன்ன வரிசையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். ஆனால் இங்கே கடைசிக் கருத்தில் மட்டும் உடன்பட முடியவில்லை. டிஜேவு பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அசோரல்ட், விடார் போன்ற திருட்டு நிரல்களைக் கூடவே அழைத்து வரும். பிரவுசரில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களையும், நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைக் காட்டும் குக்கீகளையும் அள்ளிச் செல்வது அவற்றின் வேலை. டிஃபெண்டரின் நேரடிப் பாதுகாப்பை அணைத்துவிடுவதும், விண்டோஸின் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் பாதுகாப்புத் தளங்களின் பெயர்களை எழுதி அவற்றைத் திறக்க விடாமல் செய்வதும் இந்தக் குடும்பத்தின் வழக்கம். இவ்வளவு நடந்த கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பவர், அது முழுவதும் சுத்தமாகிவிட்டது என்று எதை வைத்து நம்புவது? கோப்புகளைப் பத்திரப்படுத்திய பிறகு, வேறொரு கணினியில் உருவாக்கிய பென் டிரைவிலிருந்து, டிஸ்க்கின் பழைய பார்ட்டிஷன்களை (பிரிவுகளை) அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே சரி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், கணினி தாங்குமானால் 11-ஐயே போட்டுவிடுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று உண்டு. மின்னஞ்சல், வங்கி, ஜிஎஸ்டி தளம் ஆகியவற்றின் கடவுச்சொற்களை இன்றே போனிலிருந்து மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்திவிடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால், திருடப்பட்ட குக்கீ சில தளங்களில் தொடர்ந்து செல்லுபடியாகும்.

செம்பூர்வாசி எழுதியது:

விரிவான பதில்களுக்கு மிக்க நன்றி. கடவுச்சொற்களை மாற்றிவிட்டோம். குறிப்பில் உள்ள ஐடி நீங்கள் சொன்னபடி முடியவில்லை. சிஸ்டம்ஐடி ஃபோல்டரிலும் ஒரே ஒரு ஐடிதான் இருக்கிறது. நோ மோர் ரான்சம் தளமும் இப்போதைக்குத் தீர்வில்லை என்றே சொல்கிறது. லாமிங்டன் சாலையில் ஒரு கடையில் விசாரித்தபோது, நூறு சதவீதம் மீட்டுத் தருவதாகச் சொல்லி, குறிப்பையும் இரண்டு கோப்புகளையும் அனுப்பச் சொன்னார்கள். கணவர் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார்.

தோம்பிவ்லி_கணக்கர் எழுதியது:

அம்மா, அந்தக் கடைக்குக் கொடுக்காதீர்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது சர்வரில் உள்ள சாவியால் போடப்பட்ட பூட்டு. அதை நூறு சதவீதம் திறப்பேன் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் பொய் சொல்கிறார், அல்லது உங்கள் பெயரில் அந்தக் கும்பலிடமே பேரம் பேசி, தன் பங்கையும் சேர்த்து உங்களிடம் வாங்கப்போகிறார். இரண்டு மாதிரிக் கோப்புகளைக் கேட்பதன் நோக்கமும் அதுவாக இருக்கலாம்: ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுவோம் என்று அந்தக் குறிப்பிலேயே எழுதியிருப்பார்கள், படித்துப் பாருங்கள். நேரடியாகப் பணம் அனுப்புவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சாவி வரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. தவிர, அந்தப் பணத்தில்தான் அடுத்த வீட்டைப் பூட்டுகிறார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ புகார் பதிந்து, அதன் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அதனால் கோப்புகள் திரும்பப் போவதில்லை. ஆனால் திருடுபோன கடவுச்சொல்லைக் கொண்டு நாளை உங்கள் கணக்கில் யாராவது கைவைத்தால் அந்த எண் பேசும்.

கணவரின் பில்களைப் பொறுத்தவரை, கோப்பு போனாலும் கணக்கு போகவில்லை. தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர) படிவங்களில், பதிவு பெற்ற வாடிக்கையாளர்களுக்கான பில்களின் எண், தேதி, தொகை ஆகியவை தளத்திலேயே இருக்கின்றன. மின்னஞ்சலின் அனுப்பிய பெட்டியிலும் வாட்ஸ்அப்பிலும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய பிடிஎஃப்கள் இருக்கும். அலுப்பூட்டும் வேலைதான் என்றாலும், மகளை உட்காரவைத்து மாதவாரியாகத் தொகுத்தால் பெரும்பகுதி தேறிவிடும்.

நெரூல்_நெட்வொர்க் எழுதியது:

கணக்கர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அரங்கேற்ற வீடியோவைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. வேகத்துக்காக டிஜேவு ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டும். சிறிய எக்செல் தாள் அதில் முழுவதுமாக மூழ்கிவிடும். பல நூறு மெகாபைட் அளவுள்ள வீடியோவில் அது வெறும் தலைப்பகுதி. ‘மீடியா ரிப்பேர்’ என்ற இலவசக் கருவி, அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த பாதிக்கப்படாத வேறொரு வீடியோவை மாதிரியாகக் கொண்டு, எம்பி4 போன்ற கோப்புகளின் தலைப்பகுதியை மறுபடி கட்டித் தரும். தொடக்கத்தில் சில நொடிகள் போகலாம். எடுத்தவர் உங்கள் உறவினர்தான் என்றால், அவருடைய போனிலோ கேமராவிலோ மாதிரி கிடைக்கும். ஒருவேளை மூல வீடியோவே இருந்தாலும் இருக்கும், அதை முதலில் கேளுங்கள். ஜிப் கோப்புகள் இருந்தால், நகலெடுத்து, ஒட்டிய நான்கெழுத்தை நீக்கிவிட்டு வின்ரார் கொண்டு திறந்து பாருங்கள். பெரும்பாலும் உள்ளிருக்கும் முதல் சில கோப்புகள் மட்டுமே கெட்டிருக்கும்.

எந்தச் சோதனையையும் நகலில்தான் செய்ய வேண்டும். கணினியை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அப்படியே எடுத்துவைத்துவிட்டு, புதிதாக ஒரு எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கி அதில் விண்டோஸ் நிறுவுவது எல்லாவற்றிலும் எளிது. நகலெடுக்க வேண்டியபோது விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கிப் பழைய டிஸ்க்கைத் திறங்கள். அப்போது விண்டோஸ் வைரஸ் ஓடாது, பூட்டப்பட்ட படமோ தாளோ தானாக எதையும் பரப்பவும் செய்யாது. அந்த டிஸ்க்கைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டெஸ்லாகிரிப்ட் என்ற வேறொரு ரான்சம்வேர் கும்பல் 2016 மே மாதத்தில் தன் தலைமைச் சாவியைத் தானே வெளியிட்டது. ஷேட் கும்பல் 2020 ஏப்ரலில் ஏறத்தாழ ஏழரை லட்சம் சாவிகளை வெளியிட்டது. உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் அதுவரை டிஸ்க்கை வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே அந்தச் சாவிகள் பயன்பட்டன.

புதிய விண்டோஸில், வீட்டுக்கு வருபவர்களுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிவிடுங்கள். பில்களை வாரம் ஒருமுறை வெளிப்புற டிஸ்க்கில் நகலெடுத்து, நகலெடுத்த கையோடு கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

செம்பூர்வாசி எழுதியது:

டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி எடுத்துவைத்துவிட்டோம். அரங்கேற்றத்தை எடுத்தவர் கணவரின் நண்பர். மூல வீடியோ இருக்கிறதா என்று மெமரி கார்டைப் பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். ஆனால் அதே கார்டில் பிறகு வேறு விழாக்களையும் எடுத்திருப்பாராம். அழிந்திருந்தால் மீட்க முடியுமா?

நெரூல்_நெட்வொர்க் எழுதியது:

மேலெழுதப்படாத பகுதி மீள வாய்ப்பு உண்டு. இனி அந்தக் கார்டில் எதையும் பதிய வேண்டாம் என்று உடனே அவரிடம் சொல்லிவிட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் வீடியோவையும் தேடும். மீட்டெடுப்பதை அதே கார்டில் சேமிக்காமல் வேறொரு டிரைவில் சேமிக்க வேண்டும். முழு வீடியோ கிடைக்காவிட்டாலும், அந்தக் கேமராவில் எடுத்த ஏதாவது ஒரு வீடியோவை வாங்கிக்கொள்ளுங்கள். மீடியா ரிப்பேருக்கு அதை மாதிரியாகக் கொடுக்கலாம்.