வீட்டில் சொல்ல முடியாத வேலை

எச்.ஆர். என்கிற மனிதவளத் துறை வேலையில் இருப்பவரிடம் வீட்டில் "இன்னிக்கு ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்னுமில்ல" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஒருவருடைய சம்பளப் பிரச்சினை, இன்னொருவரின் நோய், மேலாளர் மீது ஒரு பெண் அழுதுகொண்டே கொடுத்த புகார் என எல்லாம் அன்றைக்குக் காதில் விழுந்திருக்கும். எதையும் வெளியே விட முடியாது. கணவரிடம்கூட.

நேர்காணல், ஆஃபர் லெட்டர், அப்ரைசல் என்கிற வேலை மதிப்பீடு எல்லாம் போகப் போகப் பழகிவிடும். எனக்கு இன்றுவரை பழகாதது ஆள் குறைப்பு. நான் பேச வேண்டியிருந்தவர்களில் ஒருவரை மறக்கவே முடியாது. என்னைவிட வயதில் மூத்தவர். முடிவைச் சொன்னதும் கோபப்படவில்லை, காரணமும் கேட்கவில்லை. "மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரைக்கும் இருக்கும்மா?" என்று மட்டும் கேட்டார். அவர் வீட்டில் ஒருவருக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. தேதி என் கையில் இருந்த தாளில் இருந்தது, உடனே சொன்னேன். பிறகு மேலிடத்தில் பேசி, அந்தச் சிகிச்சை முடியும்வரை காப்பீட்டை நீட்டிக்க வைத்தேன். அதற்காகக் கொஞ்சம் சண்டையே போட வேண்டியிருந்தது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சுற்றி வளைக்காமல் முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசுவது அவர் மனதில் பதியாது. ஆகவே கடைசி வேலை நாள், நோட்டீஸ் காலச் சம்பளம், மீதி விடுப்புக்கான பணம், காப்பீடு, அனுபவச் சான்றிதழ் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள். வீட்டுக்குப் போய் ஆற அமரப் படித்துக்கொள்வார்.

அப்படி ஒரு பேச்சை முடித்த கையோடு, அடுத்த அறையில் புதிதாகச் சேர்ந்தவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டியிருக்கும். ஆர்லி ஹோக்‌ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இல் இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார். விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் அவர் ஆராய்ந்தார். முதல் வகையினருக்கு முகம் மலர்ந்திருப்பது வேலை, இரண்டாம் வகையினருக்கு முகத்தைக் கடுமையாக வைத்திருப்பது வேலை. எங்களுக்கு ஒரே நாளில் இரண்டும் வாய்க்கும். அதற்கு மேல் வீட்டுக்கு வந்தால், மகளின் கணக்குப் பாடத்துக்கு உட்காரவும் ஒரு முகம் வேண்டும்.

வீட்டில் நாங்களாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் வந்ததும் "கனமான நாளா?" என்று மட்டும் கணவர் கேட்பார். ஆமாம் என்றால் அன்றைக்கு மகளை அவர் பார்த்துக்கொள்வார், வேறு எதுவும் கேட்க மாட்டார். விவரம் தெரியாமலே ஒருவருக்குத் துணையாக இருக்க முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். இதற்கு நான் அவருக்கு நிறையவே கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம், எழுத்து. ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் தங்களை மிகவும் பாதித்த சம்பவங்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததோடு அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. எழுதும்போது மனம் கனத்தது, பலன் பிறகுதான் தெரிந்தது. என் அனுபவமும் அப்படித்தான். எழுதிய இரவு தூக்கம் வராது. இரண்டு நாள் போனால் அந்தச் சம்பவத்தை நெஞ்சு படபடக்காமல் நினைக்க முடிகிறது.

ஆனால் எழுதியதையெல்லாம் பிறரிடம் காட்டிவிட முடியாது. பெயரையும் பிரிவையும் மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. சம்பந்தப்பட்டவர் படித்தால் "இது நான்தான்" என்று தெரிந்துகொள்வாரா என்று பார்ப்பேன். தெரியும் என்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன். மேலே சொன்ன பெரியவரைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "தாராளமா எழுதும்மா, நாலு பேருக்கு உபயோகப்படட்டும்" என்றார்.

வீட்டு விஷயத்திலும் இதே கட்டுப்பாடு உண்டு. மகளின் பள்ளிக்கூடச் சண்டை, முதல் தோல்வி, அவள் அழுது சொன்னவை எல்லாம் அவளுடையவை. அவளைப் பெற்றவள் என்பதால் அவை எனக்குச் சொந்தமாகிவிடாது. அவள் கணக்குப் பாடத்தை இங்கே குறிப்பிட்டதுகூட அவளைக் கேட்டுவிட்டுத்தான்.