முயல் அலறல் போட்டால் கயோட்டிக்குப் பதிலா பெட்டைமான் ஓடி வருது. எங்கே தப்பு?

கூடலூரான் (ஃப்ரெடரிக்ஸ்பர்க் பக்கம், டெக்சாஸ்), ஜூன் 9

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா மண்டையைக் குடையுற விஷயம். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பெரியவர் ஆட்டுப்பண்ணை வச்சிருக்கார். இந்த வசந்தத்துல பதினோரு குட்டிய கயோட்டி (நரி மாதிரி இருக்கற வட அமெரிக்கக் காட்டுநாய்) தூக்கிட்டுப் போயிருச்சு. அவருக்கு முழங்கால் முடியல, அதனால "நீ போய் கூப்பிட்டுப் பாரு"ன்னு அவரோட ஒலிப்பெட்டியைக் கொடுத்தார், இரை கத்தற சத்தம் போட்டு கயோட்டியை வரவழைச்சுச் சுடறதுக்கு. ரிமோட்ல சத்தம் மாத்துற மாதிரி பெட்டி. வேட்டை லைசென்ஸ் எடுத்துட்டேன். ரெண்டு தடவை அவரோட கூடப் போய்ப் பார்த்திருக்கேன், தனியா போறது இப்பதான் முதல் தடவை.

முதல் நாள் காலை ஆறரை மணி. ஓடை ஓரமா பெட்டியை வச்சுட்டு நாற்பது மீட்டர் தள்ளி ஓக் மரத்தடியில உட்கார்ந்தேன். காட்டுமுயல் அலறல் போட்டேன். நாலு நிமிஷம்கூட ஆகல, சீடர் (இங்கே வளர்ற ஜூனிபர் மரம்) புதர்ல இருந்து ரெண்டு வெள்ளைவால் பெட்டைமான் வந்துச்சு. நடந்து வரல, ஓடி வந்துச்சு. காது ரெண்டும் முன்னாடி, வால் கீழே. பெட்டிக்கு அஞ்சாறு மீட்டர்ல நின்னு முன்னங்காலால தரையைத் தட்டுது, மூக்கால சீறுது, சுத்திச் சுத்தி வருது. போகவே மாட்டேங்குது.

ரெண்டாவது நாள் பெட்டி வேண்டாம்னு வாய் ஊதல்ல ஊதினேன். ஒரு மான் நேரா என்னையே பார்த்து வந்து பத்தடியில நின்னுருச்சு. எனக்கே பயமாப் போச்சு.

மூணாவது நாள்தான் குழப்பம் அதிகம். கயோட்டி ஊளை போட்டா மான் கலைஞ்சிடும்னு நினைச்சு அதைப் போட்டேன். தூரத்துல மேஞ்சுக்கிட்டிருந்த வெள்ளைவால் தலையைத் தூக்கிப் பார்த்துட்டு மறுபடி மேய ஆரம்பிச்சிருச்சு. அதுல ஒண்ணு ஊளை வந்த திசைக்கே பத்திருபது அடி நடந்து வந்து நின்னு பார்க்குது.

நான் முதுமலை ஓரத்துல வளர்ந்தவன். செந்நாய் வந்தா புள்ளிமான் எப்படிக் கத்தும், எப்படிக் கலையும்னு சின்ன வயசுலயே பார்த்தவன். இங்கே எல்லாம் தலைகீழா இருக்கு. ஒரு கயோட்டியும் வரல.

பெட்டியில இருக்கிற சத்தம் சரியில்லையா? மான் வராம இருக்க என்ன பண்ணணும்? அதைவிட, நான் இந்த மான்களுக்கு ஏதாவது கெடுதல் பண்றேனான்னு மனசு உறுத்துது.

சேகர்_கெர்வில், ஜூன் 9

நாலு விஷயம் சொல்லுங்க தம்பி. சத்தத்தை எவ்வளவு உயரத்துல வச்சீங்க? எத்தனை நிமிஷம் விடாம ஓட்டினீங்க? ஓடை ஓரத்துல புல் எவ்வளவு உயரம்? காற்று எந்தப் பக்கம்?

கூடலூரான், ஜூன் 9

சேகர் அண்ணா, சத்தம் முக்கால் பங்கு. நிறுத்தாம பன்னிரண்டு நிமிஷம். புல் முட்டிக்கு மேல, சில இடத்துல இடுப்பு வரைக்கும். காற்று எனக்குப் பின்னாடி இருந்து ஓடைப் பக்கமா அடிச்சுது.

சேகர்_கெர்வில், ஜூன் 9

அப்படின்னா பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது. நீங்க உட்கார்ந்த இடம் பிரசவ வார்டு.

வெள்ளைவால் சினை ஏறத்தாழ 200 நாள். நம்ம மேட்டுப் பக்கத்துல (ஹில் கண்ட்ரி) நவம்பர் வாக்குல இணை சேருது, அதனால மே கடைசியில இருந்து ஜூன் முழுக்கக் குட்டி போடும். தெற்கு டெக்சாஸ்ல டிசம்பர்லதான் சேரும், குட்டியும் ஜூலைக்குத் தள்ளிப் போகும். பிறந்த குட்டி முதல் சில வாரம் தாய்கூட சுத்தாது. உயரமான புல்லுக்குள்ள அசையாம படுத்திருக்கும். தாய் கொஞ்சம் தள்ளி மேஞ்சுட்டு, நாளைக்குச் சில தடவை வந்து பால் கொடுத்துட்டுப் போகும். ஓடை ஓரம், இடுப்பளவு புல், பக்கத்துலயே சீடர் புதர்னா குட்டியை ஒளிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கே உட்கார்ந்து பன்னிரண்டு நிமிஷம் ஒரு குட்டி உயிர்போற மாதிரி கத்தினா தாய் வராம என்ன பண்ணும்?

"முயல் சத்தம்தானே போட்டேன்"னு கேட்பீங்க. பெட்டியில முயல்னு எழுதியிருக்கறது நமக்கு. மான் காதுல விழறது ஏதோ ஒரு பச்சைக்குட்டி மாட்டிக்கிச்சு என்கிற சேதி மட்டும்தான். மே, ஜூன், ஜூலையில முயல் அலறல் போட்டு பெட்டைமான் வராத ஆளை நான் இன்னும் பார்க்கல. சிலர் வேணும்னே மான்குட்டி அலறலைப் போடுவாங்க, கயோட்டி அந்த மாசத்துல அதைத்தான் தேடிட்டு அலையுதுன்னு. அது வேலை செய்யும்தான். நான் போடறதில்லை.

ஊளைக்கு ஓடாததுல ஆச்சரியம் இல்லை. ஊளையிடற கயோட்டி தான் இருக்கற இடத்தை ஊருக்கே சொல்லிடுது. மானுக்கு ஆபத்து சத்தம் போடாம புல்லுக்குள்ள மோந்துட்டு வர்ற கயோட்டிதான். இந்த ஊர்க் கயோட்டி பெரும்பாலும் பதினஞ்சு கிலோவைத் தாண்டாது. நல்லா இருக்கற பெரிய மானை அது ஒத்தையா வீழ்த்தறது அபூர்வம், குட்டியைத்தான் எடுக்கும். சின்டன் ஊர்ப் பக்கம் இருக்கற வெல்டர் வனவிலங்குப் புகலிடத்துல அந்தக் காலத்துலயே மான்குட்டிகளுக்கு இருப்பிடம் காட்டற ரேடியோ கருவி கட்டி ஆராய்ஞ்சாங்க. செத்த குட்டிகள்ல கயோட்டி தின்னதுதான் அதிகம்னு தெரிஞ்சுது. அதனால பெட்டைமானுக்குக் கயோட்டின்னா தன் உயிர்ப் பயத்தைவிட குட்டி பயம்தான் பெரிசு. திசை எது, தூரம் எவ்வளவுன்னு பார்த்து வச்சுக்கத்தான் அது நடந்து வந்திருக்கும்.

நீங்க முதுமலையில பார்த்த செந்நாய் கூட்டமா வந்து பெரிய மானையே ஓட ஓட விரட்டி வீழ்த்தும். அங்கே நின்னு வேடிக்கை பார்க்கிற மான் பிழைக்காது. அந்தக் கணக்கை இங்கே போட முடியாது.

வடதிசை (கல்கரி, கனடா), ஜூன் 10

நான் வேட்டைக்காரன் இல்லை, படம் எடுக்கிறனான். சேகர் அண்ணை சொன்னதுக்கு ஒரு சாட்சி இருக்கு, அதைச் சொல்லத்தான் வந்தனான்.

சூசன் லிங்கிள் எண்ட ஆய்வாளர் இஞ்ச அல்பேர்ட்டாவிலை கனகாலம் மான்களையும் கயோட்டியையும் பின்தொடர்ந்து பாத்தவர். அவரும் டோபியாஸ் ரீடேயும் 2014இலை ஒரு ஆய்வு வெளியிட்டவை. மேய்ஞ்சுகொண்டு நிக்கிற தாய்மான்களுக்கு ஒலிபெருக்கியிலை பலவிதமான குட்டிகளின்ரை அழுகையைப் போட்டுக் காட்டினவை. பூனைக்குட்டி, கடல்நாய்க்குட்டி (சீல்), மார்மட் எண்ட பெரிய தரை அணில், மனுசக் குழந்தை, சுருதி குறைச்ச வௌவால்குட்டி. அழுகையின்ரை சுருதி மான்குட்டியின்ரை சுருதி எல்லைக்குள்ளை இருந்தால் தாய்மான் ஒலிபெருக்கியை நோக்கி வந்ததாம். கடலையே பாக்காத மான் கடல்நாய்க்குட்டி அழுகைக்கு ஓடி வருது எண்டால், உங்கடை முயலுக்கு ஏன் வராது?

இன்னொண்டு. இஞ்ச ரெண்டு சாதி மான் இருக்கு, வெள்ளைவாலும் கழுதைக்காது மானும் (mule deer). குட்டி அலறினால் கழுதைக்காது மான் ஆற்றை குட்டி எண்டு பாக்காது. வெள்ளைவால் குட்டி கத்தினாலும் போகும், தன்ரை குட்டி பக்கத்திலை பத்திரமாய் நிண்டாலும் போகும். நாலைஞ்சு சேர்ந்து கயோட்டியைக் குளம்பாலை அடிச்சுத் துரத்திறதை நான் கண்ணாலை கண்டனான், கை நடுங்கி ஒரு படமும் ஒழுங்காய் வரேல்லை. வெள்ளைவால் அப்பிடி இல்லை. தன்ரை சாதிக் குட்டியின்ரை சுருதிக்குத்தான் அசையும், அதுவும் தன்ரை குட்டி கண் முன்னாலை இல்லாத நேரத்திலை. ஆகவே தம்பி, உங்கடை பெட்டிக்கு வந்த அந்த ரெண்டு தாய்க்கும் குட்டி எங்கேயோ புல்லுக்குள்ளை படுத்துக் கிடந்திருக்கும்.

ஆட்டுக்காரி (சான் ஆஞ்சலோ), ஜூன் 10

கூடலூரான் தம்பி, கெடுதல் பண்றேனான்னு கேட்டீங்களே, அதுக்கு யாரும் நேராப் பதில் சொல்லல. நான் சொல்றேன்.

ஒரு தடவை ரெண்டு நிமிஷம் வந்து பார்த்துட்டுப் போனா பெரிய சேதம் இல்லை. மூணு நாள் தொடர்ந்து, அதே இடத்துல, பன்னிரண்டு நிமிஷம் விடாம கத்த விட்டா சேதம் உண்டு. ஜூன் வெயில்ல பால் கொடுக்கற தாய் மூச்சிரைக்க ஓடுது, சீறுது, காலைத் தட்டுது. கயோட்டி முட்டாள் இல்லை. பெட்டைமான் பதறிட்டு ஒரே இடத்தைச் சுத்துதுன்னா அங்கே குட்டி இருக்குன்னு அதுக்குத் தெரியும். ஆட்டுக்குட்டியைக் காப்பாத்தப் போய் மான்குட்டி இருக்கற இடத்தை நீங்களே காட்டிக்கொடுக்கற மாதிரி ஆயிடும்.

மான் கண்ணுல பட்ட உடனே சத்தத்தை நிறுத்துங்க. குறைக்கறது போதாது, நிறுத்தணும். அசையாம உட்காருங்க. அது போன பிறகு நீங்களும் எழுந்து அரை மைல் தள்ளிப் போயிடுங்க, அன்னைக்கு அந்த இடம் வேண்டாம். வாய் ஊதல்ல ஊதறப்ப நீங்கதான் சத்தம் வர்ற இடம், அதனாலதான் அது உங்க மேலேயே வந்துச்சு. தாய்மான் முன்னங்காலால அடிச்சா எலும்பு முறியும், விளையாட்டு இல்லை.

இன்னொரு விஷயம் அந்தப் பெரியவர்கிட்ட சொல்லுங்க. நான் பதினேழு வருஷமா வெள்ளாடு வளர்க்கறேன். கூப்பிட்டுச் சுடறதால ஒரு கயோட்டி போகும், காலியான இடத்துக்கு இன்னொண்ணு வரும். என் பட்டியில குட்டி இழப்பு நின்னது ரெண்டு கிரேட் பிரனீஸ் நாய் (மந்தையைக் காக்கற பெரிய நாய் இனம்) வந்த பிறகுதான். குட்டி போடற ஆடுகளை ராத்திரி வீட்டுக்குப் பக்கத்துப் பட்டியில அடைக்கறேன். வேலிக்கு அடியில தோண்டின பள்ளத்தை வாரம் ஒரு தடவை நடந்து பார்த்து அடைக்கறேன். இதெல்லாம் பண்ணாம துப்பாக்கியை மட்டும் நம்பினா அடுத்த வருஷமும் பதினோரு குட்டி போகும்.

மசினகுடி_மாறன், ஜூன் 11

அண்ணா, இங்கே எங்க ரிசார்ட் பக்கம் நிறைய புள்ளிமான் வரும். ப்ளூடூத் ஸ்பீக்கர்ல இந்த மாதிரி சத்தம் போட்டா கிட்ட வருமா? வீடியோ எடுக்கலாம்னு ஆசை.

சேகர்_கெர்வில், ஜூன் 11

வேண்டாம் தம்பி, விட்டுடுங்க. புலிகள் காப்பகத்து ஓரத்துல இருக்கீங்க. அங்கே விலங்கைச் சீண்டறது, தொந்தரவு பண்றதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல குற்றம். சட்டத்தை விடுங்க. குட்டி அலறலைக் கேட்டு அங்கே முதல்ல வர்றது மானா இருக்கணும்னு இல்லை, சிறுத்தையும் வரலாம்.

கூடலூரான், ஜூன் 11

மாறா, அண்ணன் சொன்னதைக் கேளு. ஊர்க்காரனா நானும் சொல்றேன்.

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சதும் வயித்தைப் பிசைஞ்சுது. நேத்து சாயங்காலம் அந்த ஓடைப் பக்கம் பைனாகுலரோட தூரத்துல நின்னு பார்த்தேன். ஒரு பெட்டைமான் புல்லுக்குள்ள தலையைக் குனிஞ்சுட்டு அப்படியே நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல ஒரு சின்னக் காது தெரிஞ்சுது. பெட்டி வச்ச இடத்துல இருந்து முப்பது மீட்டர்கூட இருக்காது. அங்கே இனி பெட்டி வைக்கமாட்டேன்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு. இந்தப் பண்ணையில புள்ளிமானும் இருக்கு, நம்ம ஊர்ப் புள்ளிமானேதான். மூணாவது நாள் ஊளைக்கு அது மட்டும் கூட்டமா நின்னு பார்த்துட்டு, ஒண்ணு குரைச்சதும் மொத்தமாப் போயிருச்சு. அது ஏன்?

சேகர்_கெர்வில், ஜூன் 11

1932ல இங்கே கொண்டுவந்து விட்ட மானோட வாரிசுங்க அது. இப்ப மேட்டுப் பக்கம் முழுக்கப் பெருகிக் கிடக்கு. கூட்டமா வாழற மான், ஒண்ணு கத்தினா எல்லாம் கேட்கும். அதுக்குக் குட்டி போட ஒரே பருவம்னு கிடையாது, வருஷம் பூரா போடும். வெள்ளைவால் தாய் இந்த மாசத்துல பதறற மாதிரி மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல பதறாது. அதனால நீங்க சின்ன வயசுல பார்த்த பழக்கத்தை இங்கேயும் காட்டியிருக்கு.

இனி கூப்பிடறதுக்கு வழி: முயல் அலறலை ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மூட்டை கட்டுங்க. எலிக் கீச்சு போடுங்க, சுருதி ரொம்ப உயரம், மான் பெரும்பாலும் கண்டுக்காது. சத்தத்தைக் கால் பங்குக்கு இறக்குங்க. முப்பது வினாடி போட்டு ரெண்டு மூணு நிமிஷம் சும்மா இருங்க. உயரப் புல் இல்லாத மேட்டுல, ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்துல உட்காருங்க. காற்று உங்க முகத்துல அடிக்கணும். அன்னைக்கு உங்க வாடை முழுக்க ஓடைக்குப் போயிருக்கு, கயோட்டி வராததுக்கு அதுவே போதும்.

கயோட்டிக்குட்டி அலறலும் இந்த மாசம் நல்லா இழுக்கும். ஏப்ரல், மே மாசத்துல போட்ட குட்டி இப்ப வளைக்கு வெளியே வந்திருக்கும், தாயும் தகப்பனும் ஓடி வரும். ஆனா அதுக்கும் பெட்டைமான் வர்றதைப் பார்த்திருக்கேன். காரணம் உங்களுக்கே இப்பத் தெரியும்.

மீறி ஒரு மான் வந்துட்டா சத்தத்தை நிறுத்திட்டு அதோட காதைப் பாருங்க. பெட்டியை விட்டுட்டு தனக்குப் பின்னாடி திரும்பித் திரும்பிப் பார்த்தா அங்கே ஏதோ வருதுன்னு அர்த்தம்.

கூடலூரான், ஜூன் 22

நடந்ததைச் சொல்லிடறேன்.

பட்டிக்கு மேல இருக்கற கல்லுமேட்டுல நாலு நாள் காலையில உட்கார்ந்தேன். எலிக் கீச்சு, கால் பங்கு சத்தம், காற்று முகத்துல. மூணு நாள் மானும் இல்லை, கயோட்டியும் இல்லை. நாலாவது நாள் ஒத்தைப் பெட்டைமான் எண்பது மீட்டர்ல வந்து நின்னுச்சு. உடனே நிறுத்தினேன். காது ரெண்டும் பின்னாடி திரும்புச்சு, அப்புறம் தலையே திரும்புச்சு. அது பார்த்த இடத்துல சீடருக்கு அடியில ஒரு கயோட்டி நின்னுட்டிருந்துச்சு. ரெண்டும் ஒரே நேர்கோட்டுல இருந்ததால நான் சுடல. மான் முன்னங்காலைத் தட்டிட்டு ரெண்டடி முன்னாடி வச்சதும் கயோட்டி திரும்பி மெதுவா இறங்கிப் போயிருச்சு.

பெரியவர்கிட்ட அக்கா சொன்னதெல்லாம் சொன்னேன். ரெண்டு நாள் யோசிச்சார். வேலிக்கடியில ஏழு பள்ளம் இருந்துச்சு, எல்லாத்தையும் கல்லு போட்டு அடைச்சாச்சு. வர்ற சனிக்கிழமை நாய்க்குட்டி பார்க்கப் போறோம். அக்கா, ஆட்டோட பழகறதுக்கு எத்தனை வாரக் குட்டியா வாங்கணும்?

ஆட்டுக்காரி, ஜூன் 22

எட்டு வாரம் ஆனதும் வாங்கிடுங்க. தாய் நாய் ஆட்டுப்பட்டியிலேயே வேலை செய்யறதான்னு நேர்ல பார்த்துட்டு எடுங்க. முதல் நாளே பட்டியில, ஆடு முட்டாத மாதிரி ஒரு தடுப்புக்குள்ள, ஆட்டு வாடையில தூங்கட்டும். தினமும் போய்த் தொட்டுப் பழக்குங்க, ஆனா வீட்டுக்குள்ள வளர்க்காதீங்க. முழுசா நம்பி விட ஒன்றரை வருஷம் ஆகும், அதுவரைக்கும் ராத்திரி அடைப்பை விட்டுடாதீங்க.