முள்ளெலும்பு நழுவலுக்கான அறுவைகள்: இரண்டு கலைச்சொற்கள் தேவை

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம்.

கீழ்முதுகில் ஒரு முள்ளெலும்பு தனக்குக் கீழுள்ள எலும்பின்மேல் முன்பக்கமாக நகர்ந்துவிடும் நோய்க்கு இப்போது என்னென்ன அறுவைகள் உண்டு, எது யாருக்கு ஏற்றது என்று ஒப்பிடும் நோயாளிக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். இரண்டு இடங்களில் நிற்கிறேன். ஒன்று, ஸ்பான்டிலோலிஸ்தெசிஸ். இன்னொன்று, மினிமலி இன்வேசிவ். பின்னதைக் ‘குறைந்தபட்ச ஊடுருவல்’ என்கிறார்கள். ஊடுருவல் என்றதும் எல்லையும் படையும்தான் நினைவுக்கு வருகின்றன. படிக்கப்போகிறவரோ வலியோடு படுத்திருப்பவர். என்ன எழுதலாம்?

எழுதியவர்: எலும்பு மருத்துவர்

முதலில் ஓர் எச்சரிக்கை. ‘விலகல்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘டிஸ்க் விலகிவிட்டது’ என்று மக்கள் சொல்வது இடைத்தட்டு பிதுங்குவதை. இங்கே நகர்வது எலும்பு. சிகிச்சையும் வேறு.

சொல் தேட உதவும் என்பதால் அறுவைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வழிகளிலும் நழுவிய எலும்பைக் கீழெலும்போடு இணைத்துவிடுவோம். பின்பக்க வழியில், அதாவது குழாய் வழி டிலிஃப் (TLIF) என்ற முறையில், நடுக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளி இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறுவோம். முதலில் மெல்லிய குழாய், அதன்மேல் அதைவிடப் பெரியது, அதன்மேல் இன்னொன்று என்று செருகச் செருகத் தசை இழைகள் வெட்டுப்படாமல் ஒதுங்கும். கடைசிக் குழாய்க்குள்ளேயே வேலை முழுவதும் நடக்கும். ஒரு பக்க மூட்டை அகற்றி, இடைத்தட்டைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தைத் தாங்கும் சிறு கூண்டும், எலும்புகள் ஒட்டி வளர எலும்புத் துகளும் வைப்போம். பிறகு எக்ஸ்ரே பார்த்தபடி தோல் வழியாகத் திருகுகள். திறந்த அறுவையைவிட இரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஓரிரு வருடம் கழித்துப் பார்த்தால் வலிக் குறைவில் பெரிய வேறுபாடு இல்லை.

பக்கவாட்டு வழியில் முதுகுத் தசையைத் தொடாமலே பெரிய கூண்டு வைக்கலாம். ஆனால் இடுப்புத் தசையை ஊடுருவிப் போனால் தொடையின் முன்புறம் சில வாரங்கள் மரத்தோ வலுவிழந்தோ இருக்கலாம். அதற்காகத்தான் அத்தசைக்கு முன்னால் சாய்வாகப் போகும் ஓலிஃப் (OLIF) முறை வந்தது. அதில் பெரிய இரத்தக் குழாய்கள் பக்கத்தில் இருக்கும். கடைசி இடுப்பு முள்ளெலும்புக்குக் கீழே நேர்ப்பக்கவாட்டாக நுழைய இடுப்பெலும்பின் முகடு விடாது.

மூன்றாவது வழி, எலும்புகளை இணைக்காமல் நரம்பின் நெருக்கத்தை மட்டும் நீக்குவது. வயதால் வரும், ஒரே மட்டத்தில் மட்டும் உள்ள நழுவலில் இது இணைப்பைவிடத் தாழ்ந்ததல்ல என்று 2021இல் வெளியான நார்வே ஆய்வு, இரண்டு வருடம் பார்த்துவிட்டுச் சொன்னது. கையேட்டில் இதை விட்டுவிடாதீர்கள்.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. கிரேக்கத்தில் ஸ்பான்டிலோஸ் என்றால் முள்ளெலும்பு. ஒலிஸ்தேசிஸ் என்றால் வழுக்குதல். வழுக்குதலுக்கு வள்ளுவர் சொல்லே இருக்கிறது: ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே’. இழுக்கல் என்பது அங்கே வழுக்கும் நிலம். ஊற்றுக்கோல் என்பது அதில் விழாமல் ஊன்றும் கோல். வழுக்கு, வழுவு, நழுவு, இழுக்கு எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. நெய்க்குப் பழைய பெயர் இழுது. அதிலும் அந்த வழுவழுப்பு கேட்கிறதல்லவா? எலும்புக்கு என்பு. எனவே ‘என்பிழுக்கல்’. திருகுகளை இணைக்கும் கம்பிக்கு ‘ஊற்றுக்கோல்’ என்றே பெயரிடலாம். ஒரே குறளில் நோயும் மருந்தும் கிடைக்கின்றன.

எழுதியவர்: செவிலியர் கல்லூரி ஆசிரியை

ஐயா, அழகான சொல்தான். ஆனால் முதுகுவலிக்காரரிடம் இழுக்கல் என்றால், இடுப்பில் எடை கட்டி இழுப்பதாக நினைப்பார். இழுவைச் சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது. என் மாணவிகளே குழம்புவார்கள். ‘நழுவல்’ என்றால் யாருக்கும் விளங்கும்.

எழுதியவர்: யாழ்ப்பாணத்து உறுப்பினர்

‘என்பு’ பழஞ்சொல் என்று ஒதுக்க வேண்டாம். எங்களுக்கு என்பு முறிவு அன்றாடச் சொல். முதுகெலும்பு எங்களுக்கு முள்ளந்தண்டு. அறுவை சிகிச்சை, சத்திரசிகிச்சை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் வைத்தியர் தம் அறுவை நூலுக்கு ‘இரண வைத்தியம்’ என்றுதான் பெயர் வைத்தார். மாணவருக்கு விளங்கும் சொல் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அவர் எடுத்துக்கொண்டார்.

எழுதியவர்: தனித்தமிழ் அன்பர்

அவர் எடுத்தார் என்பதால் நாமும் எடுக்க வேண்டுமா? சிகிச்சை வடசொல். ‘பண்டுவம்’ இருக்கிறது. ‘குறையூறு அறுவைப் பண்டுவம்’ என்கிறேன். ஊறு என்றால் தொடுதல், ஊறு என்றால் காயம். உடலைக் குறைவாகத் தொட்டு, குறைவாகக் காயப்படுத்தும் அறுவை. இரண்டு பொருளும் ஒரே சொல்லில் நிற்கின்றன. குறையூறு வினைத்தொகை, முக்காலமும் கொள்ளும்.

எழுதியவர்: செவிலியர் கல்லூரி ஆசிரியை

நோயாளி ‘குறை’யை மட்டும்தான் பார்ப்பார். நாளைக்கு அறுவைக்குப் போகிறவர் கையில் அந்தச் சொல் வேண்டாம். ‘நுண்துளை அறுவை’ பலருக்கும் பழக்கமானது.

எழுதியவர்: எலும்பு மருத்துவர்

நுண்துளை வேண்டாம். அது வயிற்றுக்குள் கருவி விட்டுச் செய்வதற்குப் பதிந்துவிட்டது. பக்கவாட்டு வழியில் கீறல் பல சென்டிமீட்டர் இருக்கும். துளை என்றால் பொய். ‘நுண்’ என்றால் நுண்ணோக்கி வைத்துச் செய்யும் அறுவையோடு குழம்பும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. சிறு, நுண், குறு எதை முன்னால் ஒட்டினாலும் ‘சின்ன ஆபரேஷன்தானே’ என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். உள்ளே எடுக்கும் தட்டு அதே தட்டு, போடும் திருகு அதே திருகு. நரம்பு அருகில் இருக்கும் ஆபத்தும் அப்படியே. மிச்சப்படுவது தசை. அதனால் ‘தசை காக்கும் அறுவை’ என்பதே என் விருப்பம்.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

இன்னொன்று கேட்க வேண்டும். நழுவிய எலும்பைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் இணைப்பார்களா, நழுவிய இடத்திலேயே இணைப்பார்களா?

எழுதியவர்: எலும்பு மருத்துவர்

இரண்டும் உண்டு. அமெரிக்க மருத்துவர் மேயர்டிங் 1932இல் வகுத்த படிகளைத்தான் இன்றும் பார்க்கிறோம். நழுவல் கீழெலும்பின் மேற்பரப்பில் 25 விழுக்காடு வரை இருந்தால் முதல் படி, 50 வரை இரண்டாம் படி. இவற்றில் முழுக்கத் திருப்ப வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. அதிகம் தள்ளினால் நரம்பு இழுபடும்.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அப்படியானால் அது வழுவமைதி! இலக்கணத்தில் ஒன்று வழு, அதாவது பிழை, என்று தெரிந்தும் காரணம் கருதி அப்படியே ஏற்பது. நோய் ‘என்பு வழு’, திருப்பி வைப்பது ‘வழாநிலை’, இருந்த இடத்தில் இணைப்பது ‘வழுவமைதி’. தொல்காப்பியர் வழியில் முழுத் தொகுதியே கிடைத்துவிட்டது.

எழுதியவர்: தனித்தமிழ் அன்பர்

இதை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. நேரமில்லை, முடிவெடுத்துவிட்டேன். நோய்க்கு ‘முள்ளெலும்பு நழுவல்’. இதில் மருத்துவரும் செவிலியர் கல்லூரி ஆசிரியையும் ஒத்துப்போகிறீர்கள். அறுவைக்குச் ‘சிறுகீறல் அறுவை சிகிச்சை’. முதல் முறை வரும் இடத்தில் ‘கீறல்தான் சிறியது, உள்ளே நடப்பது பெரிய அறுவையே. தசை குறைவாகச் சேதப்படும்’ என்று தடித்த எழுத்தில் சேர்க்கிறேன். அட்டவணைத் தலைப்புகள்: பின்பக்க வழி இணைப்பு, பக்கவாட்டு வழி இணைப்பு, நெருக்க நீக்கம் மட்டும். வழுவமைதியை நோயாளிக் கையேட்டில் வைக்க முடியவில்லை, ஐயா.

எழுதியவர்: எலும்பு மருத்துவர்

அந்த வரியை அடிக்குறிப்பாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது இருக்கும்வரை எனக்குச் சரி.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

எனக்குச் சரியில்லை. கீறலுக்கு அளவு நீளம். நெடுமைக்கு எதிர் குறுமையே தவிர சிறுமை அன்று. ‘குறுங்கீறல்’ என்றாவது திருத்துங்கள். அடுத்த பதிப்பு வரும்போது இதே இழையில் மறுபடி கேட்பேன்.