34 வயதில் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள், வேறு வழி உண்டா?

ஈரோட்டுத் தோழி:
பையனுக்கு ஆறு வயது, இன்னொரு குழந்தை வேண்டும் என்று ஆசை. கொஞ்ச காலமாகப் பீரியட்ஸ் வந்தாலே வலி தாங்க முடியவில்லை, கட்டி கட்டியாகப் போகிறது. ஹீமோகுளோபின் 7.8. ஸ்கேனில் ‘பல்க்கி யூட்ரஸ் (கர்ப்பப்பை பெரிதாகியிருக்கிறது), அடினோமயோசிஸ்’ என்று வந்திருக்கிறது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் “எடுத்துடலாம்மா” என்றுவிட்டார். மாமியாரும் “ஒண்ணு இருக்கே, போதும்” என்கிறார்.

வார்டு அக்கா:
மகளிர் வார்டில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். தங்கச்சி, முதலில் அந்த 7.8-ஐக் கவனியுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றலாம்.

எங்கள் காலத்தில் கர்ப்பப்பையை எடுத்து பேத்தாலஜிக்கு அனுப்பிய பிறகுதான் இந்த நோயின் பேரே ரிப்போர்ட்டில் வரும். இப்போது பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள்வழி ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ. ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைத் தசைக்கட்டி என்று குழப்பிக்கொள்வதும் உண்டு. ஃபைப்ராய்டுக்கு விளிம்பு இருக்கும், தனியாக உரித்தெடுக்கலாம். அடினோமயோசிஸ் என்பது கர்ப்பப்பையின் உள்படலம் அதன் தசைக்குள் புகுந்து பரவுவது, மாவில் கலந்த உப்பு மாதிரி.

கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனமான மிரீனா போட்டால் ரத்தப்போக்கு நன்றாகக் குறையும். ஆனால் முதல் 3 முதல் 6 மாதம் சொட்டுச் சொட்டாகப் படும். அதற்கே பயந்து எடுத்துவிடச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டையனோஜெஸ்ட் 2 மி.கி. என்ற ஹார்மோன் மாத்திரை வலிக்கு நல்லது. இரண்டும் இருக்கும்வரை குழந்தைக்கு முயல முடியாது. அதனால் குழந்தை எப்போது என்று வீட்டுக்காரரோடு பேசி முடிவு செய்துகொண்டு டாக்டரிடம் போங்கள். மாமியார் முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.

சேலம் பானு:
எனக்கு 44. மிரீனா தானாகவே வெளியே வந்துவிட்டது, பெரிதான கர்ப்பப்பையில் அப்படி ஆகுமாம். அப்புறம்தான் ஆபரேஷன். ஓவரியை விட்டுவைத்தார்கள். எனக்கு வருத்தமே இல்லை, நிம்மதிதான். ஆனால் எனக்கு ரெண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்தாச்சு, உங்கள் கதை வேறு.

ஈரோட்டுத் தோழி:
நன்றி அக்கா. அடுத்த வருஷம் முயலலாம் என்று இவரும் சொல்கிறார். வேறு ஒருவரிடம் காட்டினோம், லியூப்ரோலைடு என்ற ஹார்மோன் ஊசி என்றார். போடலாமா?

வார்டு அக்கா:
அது கர்ப்பப்பையைச் சுருக்கும், ஐவிஎஃப்புக்கு (சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சை) முன்னால் கொடுப்பதும் உண்டு. திடீர் திடீரென்று உடம்பு சூடாகி வியர்க்கும். எலும்பும் தேயும் என்பதால் பொதுவாக 6 மாதத்துக்கு மேல் தனியாகப் போடுவதில்லை. நிறுத்தினால் தொல்லை திரும்பும், எனவே ஊசி முடிந்ததும் அடுத்து என்ன திட்டம் என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். அதுவரை பீரியட்ஸ் நாட்களுக்கு, ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் மாத்திரை தருவார்கள். காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.