இன்டெண்டண்ட்: 'கடல்துறை மணியம்' என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிரெஞ்சுக் கடற்படை நிர்வாகத்தில் 'இன்டெண்டண்ட்' என்ற பதவிக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஆணையர், கண்காணிப்பாளர், மேலாளர், கடற்படை ஆட்சியர் என்று நான்கு சொற்கள் வந்தன. எல்லோருக்கும் நன்றி. நான்கையும் என் மொழிபெயர்ப்பில் மாற்றி மாற்றிப் போட்டு வாசித்துப் பார்த்தேன். எதுவும் உட்காரவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் அந்தப் பதவியே எனக்குச் சரியாகப் புரிந்தது.

நான் மொழிபெயர்ப்பது மிஷேல் பெகோன் பற்றிய கட்டுரை. 1638இல் புளுவா நகரில் பிறந்தவர். கரீபியன் தீவுகளிலும் மார்செயிலும் வேலை பார்த்துவிட்டு 1688இல் பிரான்சின் மேற்குக் கரையில் உள்ள ரோஷ்ஃபோர் துறைமுகத்துக்கு இன்டெண்டண்டாக வந்தார். 1710இல் இறக்கும்வரை அங்கேயேதான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தொட்டிகளில் பார்க்கிறோமே பிகோனியா, அந்தப் பெயர் இவருடையது. புளூமியே என்ற துறவி, தாவர ஆய்வாளர், 1703இல் வெளியிட்ட நூலில் ஒரு செடி இனத்துக்கு இவர் பெயரை வைத்தார்.

சரி, இன்டெண்டண்ட் என்ன செய்வார்? கப்பலை நடத்த மாட்டார், போருக்குப் போக மாட்டார். மரம், சணல், தார், நங்கூரம், பீரங்கி, மாவு, உப்பிட்ட இறைச்சி எல்லாம் அவர் பொறுப்பு. தச்சர்களுக்கும் கொல்லர்களுக்கும் கூலி, மருத்துவமனைச் செலவு, கரையோர ஊர்களின் மாலுமிகளைப் பட்டியலிட்டு முறைவைத்துக் கப்பலுக்கு அழைப்பது, இவையும் அவர் வேலை. ரோஷ்ஃபோர் கயிற்றாலை மட்டும் 374 மீட்டர் நீளம். கயிறு முறுக்க முறுக்க நீளம் குறையும். கப்பல் வடத்துக்கு வேண்டிய நீளம் கடைசியில் கிடைக்க வேண்டுமென்றால் இழைகளை அதைவிட நீளமாக நேராக இழுத்துப் பிடிக்க இடம் வேண்டும், அதனால்தான் கட்டடம் அப்படி. அந்தக் கூரையின் கீழ் நடப்பது அத்தனைக்கும் கணக்கு இவரிடம் வரும்.

பிரெஞ்சுக்காரர்கள் கடற்படை அதிகாரிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் வாள், இன்னொரு பக்கம் இறகு, அதாவது எழுதுகோல். வாள் தரப்பு சண்டை போடும், எழுதுகோல் தரப்பு கணக்கு எழுதும். துறைமுகத்தில் எழுதுகோல் தரப்புக்குத் தலைவர்தான் இன்டெண்டண்ட். இரண்டு தரப்புக்கும் ஓயாத பூசல். 1776இல் கடற்படை அமைச்சர் சார்த்தின் கொண்டுவந்த ஆணைகள் துறைமுக அதிகாரத்தில் பெரும்பகுதியை வாள் தரப்பிடம் கொடுத்தன. நாம் வைக்கும் பெயர் வாள் பக்கம் சாய்ந்தால் வாசகருக்கு இந்தப் பூசலே புரியாமல் போகும்.

'ஆணையர்' இங்கேதான் இடறுகிறது. ஆணை என்றதும் படைக்குக் கட்டளையிடுபவர் என்ற நினைப்பு வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், இன்டெண்டண்டுக்குக் கீழே 'கொமிசேர்' என்று தனியாக ஒரு பதவி உண்டு. அவருக்குத்தான் ஆணையர் பொருந்தும். இங்கிலாந்தில் கப்பல் கட்டும் தளங்களில் இருந்த கமிஷனருக்கும் அதையே வைக்கலாம். 'கண்காணிப்பாளர்' என்று போட்டால் இன்ஸ்பெக்டர் வந்து மோதுகிறார். 1739இல் துஹாமெல் துய் மோன்சோ கடற்படையின் தலைமை இன்ஸ்பெக்டர் ஆனார். 1747இல் கயிறு திரிக்கும் தொழிலைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் அவர். அவருடைய வேலை, பார்த்துச் சொல்வது. பெகோனுடைய வேலை, செய்து முடிப்பது. ஒரே பெயர் இரண்டுக்கும் ஆகாது. 'மேலாளர்' வங்கியை நினைவூட்டுகிறது, 'ஆட்சியர்' மாவட்டத்தை.

கோயிலைப் பற்றி யோசித்தபோது வழி கிடைத்தது. கோயிலில் பூசை செய்பவர் வேறு. நெல், எண்ணெய், நகை, ஆட்கள், சம்பளம், திருப்பணி பார்ப்பவர் வேறு. சோழர் கல்வெட்டுகளில் அவர் 'ஸ்ரீகாரியம்'. ஊர் வழக்கில் 'மணியம்'. கருவறைக்குள் அவருக்கு வேலை இல்லை, ஆனால் அவர் சாவி கொடுக்காமல் விளக்குக்கு எண்ணெய் வராது. இன்டெண்டண்ட் அதேதான்! பீரங்கியைச் சுடுவது அவர் இல்லை. வெடிமருந்து அவர் பண்டகசாலையிலிருந்து வர வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை 'கடல்துறை மணியம்'. 'கடற்படை' வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சில் 'மரீன்' என்பது போர்க்கப்பல் மட்டும் இல்லை. துறைமுகம், மாலுமிகள், கடல்கடந்த குடியேற்றங்கள் எல்லாம் ஒரே அமைச்சகத்தில் இருந்தன. பிரெஞ்சுக் கிழக்கிந்திய கம்பெனியின் வணிக உரிமை 1769இல் நின்றபிறகு புதுச்சேரியும் அந்த அமைச்சகத்தின் கீழ் வந்தது. புதுவை வரலாறு எழுதுகிறவர்களுக்கும் இந்தச் சொல் வேண்டியிருக்கும். தமிழில் 'துறை' என்றால் படகு அணையும் இடம், இலாகா என்றும் பொருள். இரண்டும் இங்கே வேண்டும்.

மணியம் என்றால் சின்ன ஊர் அதிகாரி போல இருக்கிறது என்று ஒரு நண்பர் தனிமடலில் சொன்னார். யாழ்ப்பாணத்தில் மணியகாரர் ஒரு கிராமத்துக்கு அல்ல, ஒரு பெரும் பிரிவுக்கே தலைவர். சொல்லுக்கு அந்தக் கனம் ஏற்கெனவே இருக்கிறது. அப்புறம், சுப்பிரமணியத்தின் சுருக்கம் போலக் கேட்கிறது என்ற கருத்து. 'கடல்துறை' முன்னால் வந்தால் அந்தக் குழப்பம் வராது.

இந்தச் சொல்லுக்காக இவ்வளவு மன்றாடுவதற்குக் காரணம் பெகோன் சேர்த்த புத்தகங்கள். பாரிசில் கபார் டி வில்லெர்மோன் என்று ஒரு நண்பர். அவருக்கு ரோஷ்ஃபோரிலிருந்து கடிதம் மேல் கடிதம் போனது. கப்பல் செய்தியோடு புத்தகம், நாணயம், படம், செடி. சணலுக்கும் மரத்துக்கும் விலை எழுதிய அதே கை புத்தகத்துக்கும் எழுதியது. தீவுகளிலிருந்து வந்த கப்பல்கள் சிப்பிகளும் விதைகளும் கொண்டுவந்தன. எழுத்தாளர் சார்ல் பெரோ 1696இலும் 1700இலும் வெளியிட்ட புகழ்பெற்றோர் வரலாற்றுக்குத் தூண்டுகோலும் பெகோன்தான். தன்னிடம் இருந்த உருவப்படங்களையும் கொடுத்து உதவினார். தளபதி என்று ஒலிக்கும் பெயரை இவருக்கு வைத்துவிட்டால், ஒரு படைவீரர் ஓய்வுநேரத்தில் புத்தகம் வாங்கினார் என்றுதான் வாசகர் நினைப்பார். அது தவறு. எழுத்து அவர் தொழில். கடிதம் எழுதுவது, பட்டியல் போடுவது, தொலைவில் இருக்கும் ஒருவரை நம்பிப் பொருள் வருவிப்பது, இவைதான் அலுவலகத்தில் பகல் முழுக்க அவர் செய்தது. நூலகமும் அதே வழியில் சேர்ந்தது.

தன் புத்தகங்களில் லத்தீனில் ஒரு வரி பொறித்திருந்தார். 'மிஷேல் பெகோனுக்கும் நண்பர்களுக்கும் உரியது' என்று மொழிபெயர்த்திருக்கிறேன். இப்படி எல்லோருக்கும் திறந்துவிட்டால் புத்தகங்கள் காணாமல் போகும் என்று நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் எச்சரித்தாராம். நல்ல மனிதரைச் சந்தேகிப்பதைவிடப் புத்தகத்தை இழப்பது மேல் என்று இவர் சொன்னதாகக் கதை உண்டு. தாருக்கும் ஆணிக்கும் கணக்குக் கேட்டவர் புத்தகத்துக்குக் கேட்கவில்லை. இந்த இடத்தை மொழிபெயர்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மற்ற பதவிகள் எளிதாக அமைந்துவிட்டன. கொமிசேர் ஆணையர். 'எக்ரிவேன்' என்றால் எழுதுபவர் என்றே பொருள், நம் 'எழுத்தர்' அப்படியே பொருந்துகிறது. பண்டகசாலைக்காரருக்குப் பண்டகக் காப்பாளர். இரண்டு தரப்புகளுக்கு 'எழுதுகோல் தரப்பு', 'வாள் தரப்பு' என்று போட்டிருக்கிறேன். 'எழுத்தாணித் தரப்பு' என்று ஒரு நண்பர் சொன்னது காதுக்கு மிக அழகு. ஆனால் எழுத்தாணி ஓலையைக் கீறும், இவர்கள் மையில் எழுதியவர்கள். அதனால் விட மனமில்லாமல் விட்டேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. 1767இல் மொரீஷியஸுக்கு இன்டெண்டண்டாகப் போன பியேர் புவாவ்ர், கிராம்பையும் சாதிக்காயையும் அங்கே வளர்க்கச் செய்தவர். அவர் பொறுப்பு ஒரு துறைமுகம் அல்ல, தீவு முழுவதும். அவருக்கும் கடல்துறை மணியம் போதுமா, 'தீவு மணியம்' என்று பிரிக்க வேண்டுமா? புதுவை ஆவணங்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள். கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.