மைனரில் நேர்முனைதான் ஏர்த்

கல்லடிக்காரன்: "பொயின்ற்றைக் கழற்றி வீசுங்கள், இலத்திரனியல் தொகுதியைப் பூட்டுங்கள், ஒரு மணி நேர வேலை; சிவப்பு வயர் பற்றரிக்கு, கறுப்பு வயர் கொயிலுக்கு" என்று மொரிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் கார் வைத்திருப்பவர்களுக்கு நேற்று இங்கே ஒருவர் பாடம் நடத்தியிருக்கிறார். பொயின்ற் என்பது கொயிலின் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டித்துப் பிளக்கில் பொறி எழச் செய்யும் தொடுமுனை; அதே வேலையைச் செய்வதுதான் அந்தத் தொகுதி. பற்றரியின் எந்த முனைக்கு? மைனர் ஆலையிலிருந்து வந்ததே நேர்முனை ஏர்த்துடன், அதாவது பற்றரியின் நேர்முனையை வண்டிப் பொடியில் (உலோக உடலில்) பூட்டி. எதிர்முனை ஏர்த்துக்குச் செய்த தொகுதியை அதில் பூட்டிச் சாவியைத் திருப்பினால் கருகிப்போகும்.

வாவிக்கரை: நான்தான் எழுதினேன். என் வண்டி 1098 சிசி. பூட்டி எட்டு மாதமாகிறது, ஒரே திருப்பில் உயிர் பிடிக்கிறது. வாவிக் காற்றுக்கு மாதாமாதம் பொயின்ற் தேய்த்த காலம் முடிந்தது. ஏர்த் பற்றி நான் தவறாக எதுவும் சொல்லவில்லை.

கல்லடிக்காரன்: ஏர்த் பற்றி நீங்கள் சொல்லவே இல்லை. உங்கள் வண்டியை யாரோ முன்பே மாற்றியிருக்க வேண்டும். வண்டிப் பொடியில் பூட்டியிருப்பது எந்த முனை? பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கல்முனை நானா: தம்பிமாரே, பொயின்ற்றில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் முளையும் விழுந்தால், பொயின்ற் திறக்கும்போது அங்கே பொறி பறக்காமல் காக்கும் கொண்டென்சரைப் பாருங்கள். காற்றின் மேல் பழி போட வேண்டாம். நல்ல கொண்டென்சர், பொயின்ற் திறக்கையில் 0.38 மில்லிமீட்டர் இடைவெளி, அதைத் திறக்கும் கேமில் ஒரு பொட்டுக் கிரீஸ். வாப்பாவின் மைனர் இவ்வளவோடுதான் அக்கரைப்பற்றுக்குப் போய் வந்தது.

வாவிக்கரை: காக்கா, 0.38ஐ வீட்டில் யார் அளப்பது? எங்கள் மெக்கானிக் தபால் அட்டையை வைத்தே சரி பார்ப்பார்.

கல்லடிக்காரன்: தபால் அட்டையா! இடைவெளி கூடினால் பொயின்ற் மூடியிருக்கும் நேரம் குறைந்து கொயில் நிரம்பாது, பொறி எழும் நேரமான டைமிங்கும் முந்திவிடும். போன மாரியில் என்னிடம் இரவல் வாங்கிய பீலர் கேஜ், அந்த இடைவெளி அளக்கும் தகட்டுக் கருவி, உங்கள் வீட்டில்தானே கிடக்கிறது? அதில் 0.38 இருக்கிறது.

வாவிக்கரை: அண்ணன், அதைத் தைப்பொங்கலுக்கு முன்பே உங்கள் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். ஊர் பார்க்க என்னைக் கள்ளனாக்க வேண்டாம்.

தாழங்குடா: வாவிக்கரை எழுதியதை நம்பி நேற்று மாலையே தொகுதியைப் பூட்டினேன். பிளக்கில் பொறியே இல்லை. தொகுதி இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் கசந்த கருகல் மணம். பொடியில் பூட்டியிருப்பது நேர்முனை என்பதை அதன் பிறகுதான் கவனித்தேன்.

வாவிக்கரை: மலிவான தொகுதி வாங்கியிருப்பீர்கள்.

கல்லடிக்காரன்: விலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நேர்முனை ஏர்த்துக்கென்றே தனித் தொகுதி விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் வண்டியை மாற்ற வேண்டும்: பற்றரியைத் திருப்பி, கொயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி, பற்றரிக்கு மின்னேற்றும் டைனமோவின் காந்தமுனையையும் புதிதாக ஏற்ற வேண்டும். இதெல்லாம் உங்கள் ஒரு மணி நேரத்தில் எங்கே இருந்தது? இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை: எந்த முனை?

வாவிக்கரை: முதலில் தம்பியிடம் பீலர் கேஜைக் கேளுங்கள்.

கல்முனை நானா: கொண்டென்சரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கல்லடிக்காரன்: தம்பியிடம் கேட்டுவிட்டேன். வாங்கவில்லை என்கிறான். நேர்முனையா, எதிர்முனையா?