கொதிநிலை 94 பாகை என்று வந்தால் மாணவர் எதை எழுத வேண்டும்?

கேள்வி (நுவரெலியா ஆசிரியை):
தரம் 8 மாணவர்கள் நீரின் கொதிநிலையை அளந்தபோது வெப்பமானி 94 பாகை செல்சியசைக் காட்டியது. ஆயினும் பெரும்பாலானோர் தாம் படித்திருந்த 100ஐயே குறிப்பேட்டில் எழுதினார்கள். அவதானித்ததை அவதானித்தபடியே எழுதும் துணிவை அவர்களிடம் எவ்வாறு வளர்ப்பது?

பதில் (அற்றன் ஆசிரியர்):
அந்த 94 சரியானதே. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் வளிமண்டல அமுக்கம் குறைந்து, நீர் முன்னதாகவே கொதிக்கிறது. ஆனால் விடையை நீங்கள் உடனே சொல்லிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெப்பமானியின் பழுதா, நீரில் கரைந்த உப்பா, இடத்தின் உயரமா எனப் பிள்ளைகளே கருதுகோள்களை முன்வைத்து, ஒவ்வொன்றாகச் சோதிக்கட்டும். உருகும் பனிக்கட்டியில் வெப்பமானி 0 பாகையைக் காட்டினால் கருவியின் மீதான ஐயம் பெரிதும் குறையும். உப்பைக் கரைத்தால் கொதிநிலை உயருமே தவிரக் குறையாது என்பதை அவர்களே கண்டு, அந்தக் கருதுகோளைக் கைவிடுவார்கள். தவறான கருதுகோளைச் சான்றோடு கைவிடுவதே இதில் மிக முக்கியமான பயிற்சி.

பதில் (பண்டாரவளை ஆசிரியை):
எதிர்வுகூறலையும் சேருங்கள். ஏறத்தாழ 300 மீற்றருக்கு 1 பாகை குறையும் என்ற கணக்கைக் கொடுத்து, சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் என்ன வரும் என்று அளப்பதற்கு முன்பே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இனி அளந்த பெறுமானத்தை எழுதியவர்களுக்கே முழுப் புள்ளி வழங்குவேன். கண்டியில் கற்பிப்பவர் எவரேனும் அங்கே அளந்து அனுப்ப முடியுமா?